ஆயிலைச் சோதிக்காமலே இன்ஜினைத் திறந்துவிட்டீர்கள்: வாரண்டி மறுப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
விசைப்படகு உரிமையாளர்,
அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்.

பெறுநர்:
மேலாளர், சர்வீஸ் பிரிவு,
படகு இன்ஜின் விற்பனை மற்றும் பழுதுபார்ப்பு நிறுவனம்.

பொருள்: இன்ஜின் ஆயிலில் டீசல் கலந்ததைக் கடல்தண்ணீர் என்று தவறாக முடிவுசெய்து வாரண்டி மறுத்தது, செலுத்திய தொகையைத் திருப்பித் தரவும் பழுதை முறையாகச் சரிசெய்யவும் கோருவது.

ஐயா,

இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் லாஞ்சுக்கு உங்கள் நிறுவனத்தில் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் வாங்கினேன். பொருத்தியது உங்கள் ஆட்கள்தான், முதல் ஆயில் மாற்றியதும் உங்கள் ஆட்கள்தான். ஒரு வருட வாரண்டி இன்னும் முடியவில்லை. அக்டோபரில் ஆயிலில் கோளாறு வந்தபோது, "ஆயில் கூலர் வழியாகக் கடல்தண்ணீர் கலந்துள்ளது, துத்தநாக அனோடைப் பராமரிக்காதது வாடிக்கையாளர் தவறு" என்று எழுதிக் கொடுத்து, வாரண்டி கிடையாது என்று சொல்லி, ரூ. 86,400 வாங்கிக்கொண்டீர்கள். (அனோடு என்பது, கடல்தண்ணீர் கூலரை அரிக்காமல் இருக்க அதற்குப் பதில் தானே கரையும் துத்தநாகத் துண்டு.) எங்கள் ஆயிலில் கடல்தண்ணீர் கலக்கவே இல்லை. கலந்தது டீசல். அது வந்த இடம், உங்கள் இன்ஜினோடு வந்த ஃபீட் பம்ப், அதாவது தொட்டியிலிருந்து டீசலை இழுத்து டீசல் பம்ப்புக்குத் தள்ளும் சிறிய பம்ப்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். கோளாறை முதலில் கவனித்தது எங்கள் டிரைவர். காலையில் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்னால் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்து, மட்டத்தை நோட்டில் எழுதி வைப்பது அவர் வழக்கம். செப்டம்பரிலேயே "ஆயில் குறையவில்லை" என்று பல இடத்தில் எழுதியிருக்கிறார். ராத்திரி பகலாக ஓடும் டீசல் இன்ஜினில் கொஞ்சமாவது ஆயில் எரிந்து குறைய வேண்டும். குறையாமல் ஒரே கோட்டில் நிற்கிறது என்றால், குறைந்த இடத்தை வேறு ஏதோ நிரப்புகிறது என்றுதான் அர்த்தம். அக்டோபரில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியது. அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்தோம்.

உங்கள் டெக்னீசியன் வந்தபோது நல்ல மழை. புயல் எச்சரிக்கை இருந்ததால் எல்லா லாஞ்சும் துறைமுகத்தில்தான் நின்றன. பேட்டரி இறங்காமல் இருக்க, தினமும் கொஞ்ச நேரம் இன்ஜினைச் சும்மா ஓட விட்டு நிறுத்தி வந்தோம். அவர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். மூடிக்கு அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் படிந்திருந்தது. போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பினார். பத்து நிமிடத்தில் ஆபீசிலிருந்து பதில் வந்துவிட்டது: தண்ணீர் புகுந்திருக்கிறது, கூலர்தான். "தம்பி, டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்க, டீசல் வாடை அடிக்குது" என்று எங்கள் டிரைவர் சொன்னார். அந்தத் தம்பியும் மோந்து பார்த்தார், வாடை அடிப்பதை ஒத்துக்கொள்ளவும் செய்தார். ஆனால் ஆபீஸ் முடிவுசெய்துவிட்ட பிறகு அவரால் என்ன செய்ய முடியும்? அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் புகார், ஒரு போட்டோவை வைத்துத் தீர்ப்பு எழுதியவர்கள் மேல்.

மூடிக்கு அடியில் வெள்ளை படிவது ஏன் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மழைக்காலத்தில், இன்ஜின் முழுச் சூடு ஏறாமல் சும்மா ஓடி நின்றால், உள்ளே இருக்கும் ஈரப்பதம் மேலே குளிர்ந்த மூடியில் போய்ப் படியும். ஆயிலோடு சேர்ந்து வெண்ணிறமாகும். கடலுக்குப் போய் நன்றாக ஓடினால் அது தானே போய்விடும். ஆயில் மட்டத்தை அது ஏற்றாது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் தண்ணீர் கலந்து இன்ஜினும் ஓடியிருந்தால், டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலே பால் விட்ட டீ மாதிரி இருக்க வேண்டும். எங்கள் டிப்ஸ்டிக்கில் வந்த ஆயில் கரிய நிறம், ஒரு துளி வெளுப்பு இல்லை. அதே டெக்னீசியன் எடுத்த இன்னொரு போட்டோவில் அது தெளிவாகத் தெரிகிறது. அந்தப் போட்டோ உங்கள் ஆபீசிலேயே இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

கூலர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம், கூலரில் ஓடும் கடல்தண்ணீரின் அழுத்தத்தைவிட அதிகம். கூலர் குழாயில் ஓட்டை இருந்தால் ஓடும்போது ஆயில்தான் தண்ணீர்ப் பக்கம் போகும். ஆயில் மட்டம் இறங்கும், தண்ணீர் வெளியே கொட்டும் இடத்தில் எண்ணெய்ப் படலம் மினுங்கும். இன்ஜின் நின்ற பிறகுதான் தண்ணீர் ஆயிலுக்குள் வர வாய்ப்பு. எங்கள் லாஞ்சுக்குப் பின்னால் யாரும் எண்ணெய்ப் படலம் பார்த்ததில்லை, மட்டம் ஒரு நாளும் இறங்கியதில்லை. நீங்கள் மாற்றிய பழைய கூலரை நான் கேட்டு வாங்கி வைத்தது நல்லதாகப் போயிற்று. துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் இரண்டு முனையையும் அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்றடித்துப் பார்த்தோம். ஒரு குமிழி வரவில்லை. அனோடையும் கழற்றி வைத்திருக்கிறோம், பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. வீடியோ இணைப்பில் உள்ளது.

கூலரோடு, சிலிண்டர்களை மூடும் ஹெட்டுக்கு அடியில் வரும் அடைப்பான ஹெட் கேஸ்கெட்டையும் மாற்றி அதற்கும் பில் போட்டிருக்கிறீர்கள். பழுது கூலரில்தான் என்றால் ஹெட்டைத் திறந்தது எதற்கு?

இவ்வளவும் செய்து புது ஆயில் ஊற்றிக் கொடுத்த பிறகு, அடுத்த தடவை கடலில் இருக்கும்போதே மட்டம் மறுபடி ஏறியது. இன்ஜின் சூடேறியபின் வேகத்தைக் குறைத்தால் ஆயில் அழுத்த முள் சிவப்பு வரை இறங்கியது. டிரைவர் வலையை வாரிப் போட்டுக்கொண்டு மெதுவாகவே கரைக்குத் திரும்பினார். ஐஸ், டீசல், ஆட்களின் சாப்பாட்டுச் செலவு எல்லாம் போயிற்று, பிடித்து வந்த மீன் ஐஸ் காசுக்கே காணவில்லை. ஆனால் அவர் அப்படித் திரும்பாமல் இருந்திருந்தால்? டீசல் கலந்து மட்டம் ஏறிய ஆயில், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் வழியாகக் காற்றோடு இன்ஜினுக்குள் போனால், இன்ஜின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு ஆக்சிலேட்டருக்கும் ஸ்டாப் லிவருக்கும் கட்டுப்படாமல் பறக்கும். கரை தெரியாத தூரத்தில், இன்ஜின் ரூமுக்கு மேலேயே ஆட்கள் படுத்துத் தூங்கும் லாஞ்சில், அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். உங்கள் ஆபீசில் இதை யாராவது ஒரு நிமிடம் நினைத்திருந்தால் போட்டோவைப் பார்த்து முடிவு எழுதியிருக்க மாட்டார்கள்.

கரைக்கு வந்ததும் துறைமுகத்தில் பல வருடமாக இன்ஜின் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கை அழைத்தேன். நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஸ்பேனரையே தொடவில்லை. ராத்திரி முழுக்க இன்ஜினை ஆடாமல் விடச் சொன்னார். காலையில் சம்ப்பின் அடி பிளக்கை மெல்லத் தளர்த்தினார். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், பிரிந்து நின்றால் அடியில் அதுதான் முதலில் வடியும். வந்தது கறுப்பு ஆயில் மட்டுமே. தண்ணீர் ஆயிலோடு கலங்கிப் போயிருந்தால் இப்படிப் பிரியாமலும் இருக்கலாம் என்று, அடுத்து சமையல் அடுப்பில் ஒரு எவர்சில்வர் தட்டைக் காய வைத்தார். தண்ணீர் தெளித்தால் துள்ளி ஆவியாகும் சூடு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, டீசல் கலந்த ஆயில் பக்கத்தில் தீ இருக்கக்கூடாது என்று அடுப்பையும் தள்ளி வைத்துவிட்டு, எங்கள் ஆயிலில் ஒரு சொட்டு விட்டார். சத்தமே இல்லை, லேசாகப் புகைந்து பரவியது. அப்புறம் புது ஆயிலில் துளியூண்டு கடல்தண்ணீரைக் கலக்கிப் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டார். அது படபடவென்று பொரிந்து தெறித்தது. இரண்டையும் ஒரே தட்டில் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்காது.

வடிதாளில் ஒரு சொட்டு விட்டுக் காய வைத்ததில், நடுவில் கறுப்பும் அதைச் சுற்றி வெளிர் நிறத்தில் அகலமான வளையமும் வந்தது. புது ஆயில் சொட்டில் அந்த வளையம் இல்லை. சரி, டீசல்தான், எங்கிருந்து வருகிறது? அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் சொட்டினால் புகை கறுக்கும், ஒரு சிலிண்டர் தட்டும். இந்த இன்ஜினில் அப்படி இல்லை என்று முதலில் அதை ஒதுக்கினார். டீசல் பம்ப்பிலிருந்து இன்ஜினுக்கு ஆயில் திரும்பும் குழாயைக் கழற்றி, அடியில் ஒரு கண்ணாடி பாட்டிலை வைத்தார். இன்ஜின் நின்றபடியே இருக்க, ஃபீட் பம்ப்பின் கைப் பிரைமரை அழுத்தச் சொன்னார். அழுத்த அழுத்தப் பாட்டிலில் சொட்டியது. முதலில் கறுப்பாக, போகப் போகத் தெளிந்து மஞ்சளாக, கடைசியில் சுத்த டீசல். ஃபீட் பம்ப்பைக் கழற்றி டீசலில் முக்கிக் காற்றடித்தபோது அதன் தண்டு வரும் இடத்தில் விடாமல் குமிழி வந்தது. சீல் பிடிக்கவில்லை. டீசல் பம்ப்பின் உள்ளறைக்குப் போய், அங்கிருந்து ஆயிலோடு சேர்ந்து சம்ப்புக்கு இறங்கியிருக்கிறது. இத்தனைக்கும் செலவு ஒரு வடிதாள், ஒரு தட்டு, ஒரு காலைப் பொழுது.

இது மெக்கானிக் சொன்ன சொல்தானே என்று நீங்கள் தள்ளிவிடக்கூடாது என்பதால், ஆயில் மாதிரியைச் சென்னையில் ஒரு ஆயில் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். அறிக்கையின் நகலைப் பாருங்கள். எரிபொருள் 8 சதவீதம். தண்ணீர் 0.1 சதவீதத்துக்கும் கீழே. நீங்கள் ஊற்றியது 15 டபிள்யூ 40 ஆயில். 100 டிகிரி செல்சியஸில் அதன் பிசுக்குமை, அதாவது கெட்டித்தன்மை, 12.5 சென்டிஸ்டோக்குக்குக் கீழே இறங்கக்கூடாது. எங்கள் மாதிரியில் 11.0 வந்திருக்கிறது. சோடியம் புது ஆயிலில் இருக்கும் அளவிலேயே நிற்கிறது. ஒரு லிட்டர் கடல்தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு, அதில் சோடியம் மட்டும் 10 கிராமுக்கு மேல். மட்டத்தை இவ்வளவு ஏற்றும் அளவுக்குக் கடல்தண்ணீர் புகுந்திருந்தால் சோடியம் நூற்றுக்கணக்கான பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) காட்டியிருக்கும்.

அதே அறிக்கையில் என்னைத் தூங்கவிடாமல் செய்யும் ஒரு வரியும் இருக்கிறது. செம்பும் ஈயமும் ஏறியிருக்கின்றன. செம்பு நீங்கள் புதிதாக மாட்டிய கூலரிலிருந்து வந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஈயம் பெரும்பாலும் பேரிங்கிலிருந்து வருவது. மெலிந்த ஆயிலில் ஓடியதால் கிராங்க் பேரிங் தேய ஆரம்பித்திருக்கிறது என்று அஞ்சுகிறேன். முதல் நாளே ஆயிலைச் சோதித்திருந்தால் ஃபீட் பம்ப்பையும் ஆயிலையும் மாற்றியதோடு முடிந்திருக்கும். இப்போது புது இன்ஜினின் ஆயுளே கேள்வியாக நிற்கிறது. இந்த இன்ஜினுக்கு வங்கிக் கடன் வாங்கியிருக்கிறேன், லாஞ்சில் வரும் ஆட்களின் குடும்பங்களும் இதை நம்பித்தான் இருக்கின்றன.

எனவே நான் கேட்பது இவை. கூலர், ஹெட் கேஸ்கெட், கூலி என்று வாங்கிய ரூ. 86,400 முழுவதையும் திருப்பித் தர வேண்டும். ஃபீட் பம்ப்பை வாரண்டியில் மாற்றித் தர வேண்டும். டீசல் பம்ப்பையும் பெஞ்சில் ஏற்றிச் சோதித்து அறிக்கை தர வேண்டும். சம்ப்பை இறக்கி மெயின் பேரிங்கையும் கனெக்டிங் ராடு பேரிங்கையும் எங்கள் முன்னிலையில் பார்க்க வேண்டும். தேய்ந்திருந்தால் உங்கள் செலவில் மாற்ற வேண்டும், அந்தப் பாகங்களுக்கு மாற்றிய நாளிலிருந்து புது வாரண்டி எழுதித் தர வேண்டும். "பராமரிப்புக் குறைவு" என்று என் பெயரில் எழுதிய சர்வீஸ் அறிக்கையை ரத்துசெய்து திருத்திய அறிக்கை வேண்டும். அது இருக்கும்வரை நாளைக்கு எந்தப் பழுது வந்தாலும் அதையே காட்டி மறுப்பீர்கள்.

இன்னொன்று. இதே தடைக்காலத்தில் இதே மாடல் இன்ஜினை வாங்கிப் பொருத்திய லாஞ்சுகள் எங்கள் துறைமுகத்தில் வேறும் இருக்கின்றன. ஃபீட் பம்ப் சீல் கோளாறு என்னுடையதில் மட்டும்தானா, அந்தத் தொகுதி முழுவதிலுமா என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள். அந்த உரிமையாளர்களுக்குத் தகவல் கொடுத்து, ஒவ்வொரு இன்ஜினிலும் ஆயில் மாதிரி எடுத்துப் பாருங்கள். கடலுக்குள் யாருக்காவது ஏதாவது ஆன பிறகு பார்ப்பதில் பயன் இல்லை.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். தொழிலுக்கு வாங்கிய இன்ஜின், நீங்கள் நுகர்வோர் இல்லை என்று சொல்ல நினைத்தால், சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்குபவரை அந்தச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

லாஞ்சு அக்கரைப்பேட்டை துறைமுகத்தில் நிற்கிறது. ஆயிலை வடித்து, சீல் வைத்த இரண்டு பாட்டிலில் மாதிரி எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு. கழற்றிய ஃபீட் பம்ப்பும் பழைய கூலரும் அனோடும் என்னிடமே உள்ளன. உங்கள் ஆட்கள் எந்த நாளும் வந்து பார்க்கலாம், ஒரு நாள் முன்னால் போன் செய்தால் போதும். வரும்போது சோதித்துப் பார்த்து முடிவு சொல்லும் அதிகாரம் உள்ளவரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
விசைப்படகு உரிமையாளர்,
அக்கரைப்பேட்டை.