சாய்ஸ் நிரப்பும் பக்கத்தில் செலவும் வேலையும் தெரியட்டும்

தமிழ்நாடு உயர்கல்வித் துறைக்கும், பொறியியல் கலந்தாய்வை நடத்தும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பிளஸ் டூ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர் நான். கேட்பது ஒன்றுதான். மாணவர்கள் தங்களுக்கு வேண்டிய கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் ஆன்லைனில் வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் நிரப்பும் பக்கத்தில், ஒவ்வொரு கல்லூரியின் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் நேரே, நான்கு வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு செலவாகும், முடித்தவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற இரண்டையும் போடுங்கள்.

இப்போது எங்கள் ஊரில் பிரவுசிங் சென்டர்தான் பிள்ளைகளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. சர்டிபிகேட் பையோடு அப்பா பின்னால் நிற்பார். போன வருஷம் இந்தக் கட்-ஆஃபுக்கு எது கிடைத்தது என்று பார்த்து, சென்டர்காரர் கல்லூரிக் குறியீடுகளை வரிசையாக ஏற்றுவார். அப்பா கேட்பது இரண்டே கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கா, காலேஜ் பஸ் நம்ம ஊர் வழியா வருதா. வேறு என்ன கேட்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சுயநிதிக் கல்லூரிகளில் கலந்தாய்வு வழியாக நிரப்பும் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு 2017இல் கட்டண நிர்ணயக் குழு வைத்தது ஆண்டுக்கு 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதிலும் 25,000 குறையும். பெற்றோர் மனதில் நிற்பது இந்தத் தொகைதான். அப்புறம் பஸ், ஹாஸ்டல், பயிற்சிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும்போது, முதல் வருஷமே நகை அடகுக்குப் போகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவர்களுக்கு அரசே கட்டணத்தைக் கட்டுகிறது, அது பெரிய காரியம். ஆனால் அந்த இடம் எல்லோருக்கும் கிடைப்பதில்லையே.

வேலை விஷயம் இதைவிட மோசம். பைபாஸ் ஓரத்து ஃபிளெக்ஸில் 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' என்று இருக்கும். ஒரே மாணவிக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்று பேருக்கு வேலை கிடைத்த மாதிரி கணக்குக் காட்டுவதும் உண்டு. சிவில் படித்தவனுக்கு கால் சென்டரில் இடம் கிடைத்தாலும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். கல்விக் கடன் வாங்கிய குடும்பத்துக்குப் படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை தொடங்கிவிடும். அந்தத் தவணையைக் கட்டும் சம்பளம் வருமா என்பதைச் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை இல்லையா?

தகவல் இல்லை என்று சொல்ல முடியாது. மத்திய அரசின் தேசிய தரவரிசைக்கு (NIRF) விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் (சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எவ்வளவு என்று ஏற்கெனவே எழுதிக் கொடுக்கின்றன. ஆனால் அது பாடப்பிரிவு வாரியாக இல்லை, எல்லாக் கல்லூரிகளும் கொடுப்பதுமில்லை. அதையே பிரிவு வாரியாக, தமிழில், உங்கள் பக்கத்தில் கேட்கிறோம்.

பாலிடெக்னிக்குக்கும் இதே விவரம் வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு டிப்ளமோ முடித்து, வேலைக்கும் போகலாம், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகவும் சேரலாம். பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். அரசு பாலிடெக்னிக்கில் ஆகும் செலவு, தனியார் பொறியியல் கல்லூரிச் செலவில் ஒரு சிறு பகுதிதான். இருந்தும் டிப்ளமோ என்றாலே முகம் சுருங்குகிறது. இரண்டு வழிகளின் செலவும் சம்பளமும் ஒரே பக்கத்தில் தெரிந்தால் நாங்கள் வகுப்பில் பேசுவதற்கு ஒரு ஆதாரம் கிடைக்கும்.

கல்லூரிகள் தாமாகச் சொல்லும் கணக்கை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். வேலை ஆணையை வைத்துக் கணக்கிடாமல், முடித்து ஒரு வருஷம் கழித்து வேலையில் இருப்பவர்களை எண்ணுங்கள். சில கல்லூரிகளையாவது நேரில் சரிபாருங்கள். விவரம் கொடுக்காத கல்லூரிக்கு நேரே 'தரவில்லை' என்று போடுங்கள். அடுத்த கலந்தாய்வுக்கு விண்ணப்பம் தொடங்கும் முன்பே இது வந்தால், மே மாதத்தில் பெற்றோரை உட்கார வைத்து நாங்களே படித்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்