கடைசி ஸ்டாக் வண்டியும் என் மகளின் ஸ்கூட்டரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் 31 வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருக்கிறேன். காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி மோட்டார், கொருக்குப்பேட்டை மாவு மில் மோட்டார், வீட்டுத் தண்ணி மோட்டார் எல்லாம் என் கடைக்கு வரும். கம்பெனி கைவிட்ட எலக்ட்ரிக் வண்டிகளைப் பற்றி ஒரு கோரிக்கையை உங்கள் நாளிதழ் மூலமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் மகள் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினாள். மணலியில் ஒரு பள்ளியில் டீச்சர். தினமும் ஷேர் ஆட்டோவில் இடிபட்டுப் போகிறாளே என்று சீட்டுப் பணத்தை எடுத்து வண்டி வாங்கச் சொன்னவன் நான்தான். ஷோரூமில், “கடைசி மூணு வண்டிதான் இருக்கு சார், இந்த விலைக்கு இனிமே கிடைக்காது” என்றார்கள். 94,000 ரூபாய் வண்டி 72,000-க்குக் கிடைத்தது. அந்த மாடலைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. நாங்களும் ஏன் விலை குறைகிறது என்று கேட்கவில்லை.

ஒன்றரை வருடத்தில் வண்டி நின்றது. ஷோரூம் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை வந்திருந்தது. கம்பெனி நம்பருக்கு அடித்தால் ரிங் போகும், எடுக்க ஆள் இல்லை. சரி, நம்ம தொழில்தானே என்று பேட்டரி பேக்கைக் கடையில் வைத்துத் திறந்தேன். 48 வோல்ட் பேக், உள்ளே 13 வரிசை செல். மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பன்னிரண்டு வரிசையில் 3.7 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டியது. ஏழாவது வரிசை மட்டும் 1.2 வோல்ட். அந்த ஒரு வரிசையால்தான் முழு பேக்கையும், செல்களைக் கண்காணிக்க உள்ளே இருக்கிற போர்டு பூட்டி வைத்திருந்தது. பேக்கின் பக்கவாட்டில் தயாரித்த மாதம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருந்தது. எங்கள் பில் தேதிக்கும் அதற்கும் 14 மாத இடைவெளி. அத்தனை மாதமும் வண்டி எங்கேயோ ஓரமாக நின்றிருக்கிறது. லித்தியம் செல் சும்மா வைத்திருந்தாலும் வயதாகும். சார்ஜ் முழுக்க இறங்கி அப்படியே கிடந்தால் செத்தே போகும்.

ரிச்சி தெருவில் செல் வாங்கி வந்து அந்த வரிசையை மாற்றினேன். இப்போது 13 வரிசையும் சரியாக இருக்கிறது. ஆனாலும் வண்டி கிளம்பவில்லை. போர்டில் பதிந்த பழைய எர்ரரை அழிக்கக் கம்பெனியின் சாஃப்ட்வேர் வேண்டுமாம். அந்தக் கம்பெனி இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கிற என் தங்கை மகன் டெஸ்லா கம்பெனியின் ரோட்ஸ்டர் என்கிற எலக்ட்ரிக் காரைப் பற்றிச் சொன்னான். “மாமா, அதுல இருக்கறதும் உங்க கடைக்கு வர்ற மோட்டார்தான்” என்றான். உண்மைதான். காந்தம் இல்லாத த்ரீ ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார். 2008-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. ஆரம்ப விலையே சுமார் ஒரு லட்சம் டாலர். 4 நொடிக்குள் 60 மைல் வேகம் எடுக்கும். ஒரு சார்ஜில் சுமார் 390 கிலோமீட்டர் ஓடும் என்று கணக்கு. பேட்டரியில் லேப்டாப் செல் மாதிரி 6,831 செல். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், கையடக்கமான செல்.

அந்தக் காரின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, இங்கிலாந்தில் லோட்டஸ் கம்பெனி செய்து கொடுத்தது. அந்த ஒப்பந்தம் முடிந்ததும் காரும் நின்றது. 2011 ஆகஸ்டிலேயே அமெரிக்காவில் ஆர்டர் எடுப்பதை நிறுத்தினார்கள். மீதி வண்டிகள் 2012-ல் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் விற்றன. மொத்தமே சுமார் 2,450 கார். இதுதான் கடைசி என்று வாங்கியவர்களுக்குத் தெரியும்.

அவர்களுக்கும் கஷ்டம் வராமல் இல்லை. சார்ஜ் முழுக்க இறங்கினால் பேட்டரி நிரந்தரமாகப் போய்விடும் என்று 2012-ல் அங்கே பெரிய சர்ச்சையே நடந்தது. ஆனால் விற்பனை முடிந்த பிறகு, 2014 டிசம்பரில், பழைய கார்களுக்குப் பெரிய பேட்டரி தருவதாகக் கம்பெனி அறிவித்தது. 29,000 டாலர் வாங்கிக்கொண்டுதான் மாற்றினார்கள், இலவசமாக இல்லை. இருந்தாலும் மாற்ற வழி இருந்தது. 2023 நவம்பரில் அந்தக் காரின் வடிவமைப்பு ஆவணங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். இதைக் கேட்டபோது எனக்கு மனசு பொறுக்கவில்லை. கோடிக் கணக்கில் சொத்து வைத்திருக்கிறவர் வாங்கிய காருக்குச் சர்க்யூட் படம் கிடைக்கிறது. சீட்டுப் பணத்தில் வாங்கிய ஸ்கூட்டருக்கு ஒரு எர்ரரை அழிக்க வழி இல்லை.

என் அப்பா 1974 மாடல் புல்லட் வைத்திருந்தார். இதே வடசென்னையில், திருவொற்றியூரில் செய்த வண்டி. அதற்கு இன்றைக்கும் புதுப்பேட்டையில் பார்ட்ஸ் கிடைக்கும். கிடைக்காவிட்டால் லேத்தில் கொடுத்துக் கடைந்து கொள்ளலாம். பெட்ரோல் வண்டியைக் கம்பெனி கைவிட்டாலும் மெக்கானிக் காப்பாற்றிவிடுவார். எலக்ட்ரிக் வண்டியில் பூட்டு சாஃப்ட்வேரில் இருக்கிறது, அதன் சாவி கம்பெனியிடம் மட்டும் இருக்கிறது. கம்பெனி போனால் சாவியும் போயிற்று. எங்கள் தெருவிலேயே இப்படி நான்கு ஸ்கூட்டர் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அதில் உண்டு. நல்ல விஷயம். ஆனால் கம்பெனி தானாக முன்வந்து தகவல் கொடுத்தால்தானே அதில் நமக்கு ஏதாவது கிடைக்கும்? நிறுத்திய மாடலின் கடைசி ஸ்டாக்கை விற்கும்போது, தயாரிப்பு நின்றுவிட்டது, பேட்டரி செய்தது இந்த மாதம், பேட்டரியும் சார்ஜரும் கண்ட்ரோலரும் இத்தனை வருடம் கிடைக்கும் என்று பில்லிலேயே தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பெனியை மூடுகிறவர்கள் சர்க்யூட் படத்தையும் அந்த சாஃப்ட்வேரையும் அரசிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அதைச் சட்டமாக்க வேண்டும். எங்களை மாதிரி கடைக்காரர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வோம்.

மகள் மறுபடியும் ஷேர் ஆட்டோவில்தான் மணலிக்குப் போகிறாள். ஸ்கூட்டர் என் கடையில்தான் நிற்கிறது. வாரம் ஒரு முறை பேட்டரிக்குத் தனியாகச் சார்ஜ் போட்டு வைக்கிறேன், இறங்கிவிடக் கூடாது என்று. உங்கள் நிருபர் யாராவது இந்தப் பக்கம் வந்தால் பேக்கைத் திறந்து காட்டுகிறேன். ஞாயிறு தவிர மற்ற நாள் காலை ஒன்பது மணிக்கு மேல் கடையில் இருப்பேன்.

இப்படிக்கு,
மோட்டார் ரீவைண்டிங் தொழிலாளி,
தண்டையார்பேட்டை, சென்னை – 81