மகளுக்கு: கல்லுக்கால் கொட்டகை

கண்ணு,

போனில் பேசும்போதெல்லாம் "கொட்டகைக்கு ஆள் வைச்சாச்சா?" என்று கேட்டாய். நானும் "ஆகட்டும், ஆகட்டும்" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இப்போது மண்வெட்டி, உரம், விதை வைக்கிற கொட்டகை எழும்பி நின்றுவிட்டது. ஆள் வைக்கவில்லை. நீ அனுப்பிய பணத்தில் பாதிக்கு மேல் அப்படியே வங்கியில் கிடக்கிறது. இதைப் போனில் சொன்னால் நடுவில் புகுந்து கேள்வி கேட்பாய். அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஷெட் போடுகிறவர் ஒருவர் வந்து அளந்து பார்த்தார். இரும்புக் கால், மேலே ஷீட், சுற்றி ஷீட், சீக்கிரம் முடித்துத் தந்துவிடுவேன் என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த மல்கோவா மாங்கன்றை எடுத்துவிட்டால் வேலை சுலபம் என்றார். உங்கப்பா தலையாட்டப் போனார். நான் காபி கொடுத்து ஷெட்காரரை அனுப்பிவைத்தேன். மெல்போர்னில் உன் வீட்டுப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகை அட்டைப் பெட்டியில் வந்தது, நீயும் மாப்பிள்ளையும் திருகாணி போட்டு நிறுத்தினீர்கள். அங்கே அது சரி. இங்கே நம் மண்ணுக்கும் கரையானுக்கும் வேறு யோசனை வேண்டியிருந்தது.

சித்தப்பாதான் சொன்னார், "அண்ணி, கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இரும்புக் கால் எதுக்கு? கல்லுக்கால் போடுவோம்." எனக்கும் அதுதான் பட்டது. உர மூட்டை வைக்கிற இடத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். மரக்கால் வைத்தால் கரையான் மண்ணுக்குள்ளிருந்தே தின்றுகொண்டு வரும், சாயும்போதுதான் நமக்குத் தெரியும். கல்லுக்கு இரண்டும் கிடையாது. கரையான் கல்மேல் ஏறினாலும் மண்கோடு பளிச்சென்று தெரியும், தட்டிவிடலாம். மாட்டுக் கொட்டகை, வேலி, திராட்சைப் பந்தல் எல்லாவற்றுக்கும் நம் பக்கம் கல்லுக்கால்தானே போடுகிறார்கள்.

முன்பக்கத்துக்கு 10 அடிக் கால் மூன்று, பின்பக்கத்துக்கு 9 அடிக் கால் மூன்று, குட்டியானை வண்டியில் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் நூறு கிலோவுக்குக் குறையாது. கயிறு போட்டு, நாலு பேர் தோள் கொடுத்து, "ஏய் பாத்து, பாத்து" என்று தெருவே கத்தித்தான் வீட்டுப் பின்பக்கம் வந்து சேர்ந்தது. குழி தோண்டுவதுதான் பெரிய பாடு. ஒரு அடி செம்மண், அதற்குக் கீழே சுக்காம்பாறை. கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கிறது. மாமா முந்தின ராத்திரியே குழியில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தார், காலையில் கொஞ்சம் இளகிக் கொடுத்தது. இரண்டடிக்குக் குறைந்தால் கால் நிறுத்த விடமாட்டேன் என்று நான் அளவுநாடாவோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மாமாவுக்குக் கோபம்தான். "வயசான காலத்தில் எனக்கு மேஸ்திரி வந்துட்டா" என்றார்.

உங்கப்பாவின் நண்பர், ஓசூரில் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மத்தூரிலிருந்து வண்டியிலேயே வந்தார். மூலைமட்டம் பார்த்தது அவர்தான். ஒரு பக்கம் 6 அடி, இன்னொரு பக்கம் 8 அடி குறித்துக்கொண்டு, குறுக்கே 10 அடி வருகிற மாதிரி கயிற்றை நகர்த்தினார். அப்புறம் மூலைக்கு மூலை இழுத்துப் பார்த்தார். நம் கொட்டகை 12க்கு 10, அதனால் இரண்டு குறுக்குக்கும் 15 அடி ஏழரை அங்குலம் வர வேண்டுமாம். ஒன்றில் ஒரு அங்குலம் கூடுதலாக வந்ததற்கு ஒரு குழியை மறுபடி அகலப்படுத்தச் சொன்னார். எல்லாரும் முணுமுணுத்தார்கள். ஆனால் ஷீட் போடும்போது ஓர் இடத்திலும் வெட்ட வேண்டியிருக்கவில்லை, அப்போது யாரும் வாய் திறக்கவில்லை.

பின்பக்கச் சுவர் பலகைக்கல். நிற்கவைத்துச் சிமெண்ட் பூசினோம். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "மல்லச்சந்திரத்தில் அந்தக் காலத்திலே செத்தவங்களுக்குக் கற்திட்டை கட்டினவனும் இதைத்தான் செஞ்சான், கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைப் படுக்க வெச்சான், சிமெண்ட்கூட இல்லாம" என்றார். அவர் தூக்கினது அந்த ஒரு பேச்சைத்தான். முட்டி வலி, விடு.

கூரைதான் சண்டை. பாட்டி வீடு பிரித்தபோது எடுத்துவைத்த மங்களூர் ஓடு அடுக்கி இருக்கிறதே, அதைப் போடலாம், விதைக்குக் குளிர்ச்சி என்றார் மாமா. பேச்சு சரிதான். ஆனால் ஓட்டுக்குச் சாய்வு நிறைய வேண்டும், குரங்கு வந்தால் ஓட்டைப் புரட்டாமல் போகாது. போன மாம்பழ சீசனில் பக்கத்து வீட்டில் என்ன கதியாச்சு என்று எல்லாருக்கும் தெரியும். கடைசியில் ஷீட்தான். பாட்டி வீட்டுப் பனைச் சட்டம் மட்டும் உபயோகப்பட்டது. கல்லின் தலையில் பள்ளம் வெட்டி, சட்டத்தை அதில் உட்காரவைத்து, இரும்புப் பட்டியால் இறுக்கியிருக்கிறது. சட்டத்தில் உங்கப்பா சின்ன வயதில் ஊஞ்சல் கட்டின கயிற்றுத் தேய்ச்சல் இன்னும் இருக்கிறது.

சித்திரை, வைகாசியில் சாயங்காலம் அடிக்கிற காற்று உனக்கு மறந்திருக்காது. ஆலங்கட்டியோடு வந்தால் எத்தனை தகரம் பறந்திருக்கிறது! அதனால் காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஷீட்டைப் போட ஆரம்பித்தார்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற விளிம்பு காற்றுக்கு வாய் திறந்து நிற்காது. திருகாணியை மேட்டிலேதான் போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் ரப்பர் வாஷர் தேய்ந்ததும் ஒழுகும். இந்த வேலையைச் செய்தது பக்கத்து வீட்டுப் பையன், பன்னிரண்டாவது படிக்கிறான். பரீட்சைக்குப் படிக்கச் சொன்னால் நெளிகிறவன், ஷீட் மேலே வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். வெயில் காலத்துக்கு மேலே சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்றிருக்கிறோம்.

ஆள் வைக்காததால் எல்லாம் சும்மாவே முடிந்தது என்று நினைக்காதே. சாப்பாட்டுச் செலவைக் கேட்டால் அந்தக் காவேரிப்பட்டணத்துக்காரர் பரவாயில்லை என்பாய். காலையில் டீ, பத்து மணிக்கு மோர், மத்தியானம் களியும் கருவாட்டுக் குழம்பும், கடைசி நாள் நாட்டுக்கோழி. அத்தை பாலக்கோட்டிலிருந்து ஒரு கூடைத் தக்காளியோடு வந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டார். என் சமையலறையில் இரண்டு நாள் எனக்கே வேலை இல்லை, எது எங்கே இருக்கிறது என்று இன்னும் தேடுகிறேன். அப்புறம், வாங்கின உழைப்பைத் திருப்பித் தர வேண்டாமா? சித்தப்பா தோப்பில் பெங்களூரா மாங்காய் பறிக்கும்போது நானும் உங்கப்பாவும் போக வேண்டும். ஃபிட்டர் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து வருகிறது, அதற்கு நான் சமையலுக்கு நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன். நீ பணம் அனுப்பினது இந்த அலைச்சல் எல்லாம் எனக்கு வேண்டாம் என்றுதானே? எனக்குத் தெரியும். ஆனால் கூலிக்கு வந்தவர் கூலியோடு போய்விடுவார். சித்தப்பா இப்போது மாட்டுக்குத் தீவனம் வாங்கப் போகும்போதெல்லாம் உள்ளே நுழைந்து ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போகிறார். அந்த போல்ட் இதற்குமேல் முறுகாது. நான் சொல்வதில்லை.

உள்ளே மண்வெட்டி, களைக்கொத்து, மருந்து தெளிப்பான் எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் விதைகள். துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்திருக்கிறேன், அவரையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டாச்சு. தரையை அரை அடி உயர்த்தியிருக்கிறது, பாம்புக்குப் பயந்துதான்.

இப்போது மீதிப் பணத்துக்கு வருகிறேன். நம் போர் தண்ணீரின் உப்பு உனக்குத் தெரியும், நாற்று விட்டால் இலை ஓரம் கருகுகிறது. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, அதைச் செடிக்கு ஊற்ற மனசு வரவில்லை. கூரை இறவாரத்தோடு 13க்கு 11 அடி. ஃபிட்டர் கணக்குப் போட்டார், ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 130 லிட்டர் விழும். பின்பக்கம் தகர வாய்க்கால் வைத்து ஒரு தொட்டியில் பிடித்தால் நாற்றுக்குப் போதும். 500 லிட்டர் போதும் என்கிறார் உங்கப்பா. 1000 லிட்டர் வாங்கு, ஐப்பசி மழையில் நிரம்பிவிடும் என்கிறார் மாமா. எனக்கு ஆயிரம்தான் ஆசை. பணம் உன்னுடையது, எது என்று சொல். தொட்டி வைக்கிற மேடையை எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை கட்ட வருகிறார்கள், அதற்குள் சொல்லிவிடு.

அம்மா