மனோன்மணியும் தோழி பாடிய கதையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தின் தமிழ்த் தெய்வ வணக்க அடிகளை நம் பள்ளிகள் நாள்தோறும் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடுகின்றன. அவ்வடிகளைத் தொடர்ந்து ஐந்து அங்கங்களாக விரியும் நாடகத்தை மாணவர்கள் அறிவதில்லை. அதிலும், நாடகத் தலைவி மனோன்மணியின் தோழி வாணி பாடும் 'சிவகாமி சரிதம்' கோல்ட்ஸ்மித்தின் ஆங்கிலக் கதைப்பாட்டைத் தழுவியது, நாடகத்தோடு ஒட்டாதது என்று சிலர் ஒதுக்குவது, நெடுங்காலம் அதைப் பாடம் நடத்திய எனக்கு வருத்தமளிக்கிறது.

கனவில் கண்ட சேர மன்னன் புருடோத்தமனை இன்னாரென்று அறியாமலேயே மனோன்மணி வாடுகிறாள். மணம் முடித்தால் மகளின் நோய் தீரும் என்று முனிவர் சொல்ல, பாண்டியன் சீவகன் சேரனிடம் தூது அனுப்புகிறான். அமைச்சன் குடிலனின் சூழ்ச்சியால் அந்தத் தூது போரில் போய் முடிகிறது. இத்தனை ஆரவாரத்திற்கு நடுவே அவளருகில் உட்கார்ந்திருப்பவள் வாணி. அவளுக்கும் துயரம் உண்டு: நடராசனை நேசிக்கும் அவளைக் குடிலன் மகன் பலதேவனுக்குக் கொடுக்கத் தந்தை பிடிவாதமாக நிற்கிறார். தன் மனமே ஆறாத அந்தப் பெண், 'கவலைப்படாதே' என்று தோழிக்குப் புத்தி சொல்வதில்லை. காதலனைத் தேடி ஆண்வேடத்தில் காட்டில் அலைந்த வேறொருத்தியின் கதையைப் பாடுகிறாள்.

இதன் அருமை இராமநாதபுரம் கடற்கரையில் வாழ்பவர்களுக்குத் தெரியும். கடலுக்குப் போனவர் சொன்ன நாளில் கரை திரும்பாவிட்டால், அக்கம்பக்கத்துப் பெண்கள் அந்த வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார்கள். ஆறுதல் வார்த்தை அதிகம் இராது. மூத்தவர் ஒருவர், 1964 தனுஷ்கோடிப் புயலின்போது தம் தாயார் விடியும்வரை காத்திருந்த கதையைத் தொடங்குவார். அதைக் கேட்டுக்கொண்டே அந்த வீட்டுப் பெண் ஒரு வாய் கஞ்சி குடிப்பாள். இதைக் கண்ட பிறகுதான் வாணியின் பாட்டு எனக்கு முழுதாக விளங்கியது.

மனோன்மணியின் காதல் கைகூடுவது கடைசிக் காட்சியில்தான். தந்தையின் சொல்லுக்காகப் பலதேவனுக்கே மாலையிட இசைந்து நிற்கும் அந்த நள்ளிரவில், சுருங்கை என்னும் சுரங்க வழியாக வந்த புருடோத்தமனைக் கண்டு அவள் மாலை சூட்டுகிறாள். அந்த இரவுவரை அவள் உயிர் தரித்திருந்ததில் வாணிக்குப் பெரும் பங்குண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே, 'சிவகாமி சரிதம்' இடம்பெறும் காட்சியைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் எளிய பொருள் விளக்கத்துடன் வெளியிட வேண்டுகிறேன். ஆண்டு விழாக்களில் இந்நாடகத்தை நடிக்கும் பள்ளிகளும், நேரமில்லை என்று அந்தப் பாட்டை வெட்டாமல் மேடையேற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
தங்கச்சிமடம்.