அடுப்பில் எரிந்த காடு

சிங்கப்பூர்

அன்புள்ள மூர்த்தி,

தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவன் தேசிய சேவையில், அதுதான் கட்டாய ராணுவப் பயிற்சியில், இருக்கிறான். வாரக் கடைசியில் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து இறங்குகிறான், கையெல்லாம் கீறல். லாலாங் புல் அறுத்தது. அவன் அம்மா மஞ்சளை எடுத்தால் ஓடி ஒளிகிறான்.

கோத்தகிரிப் பக்கம் மலைச்சரிவு எரிந்ததை எழுதிவிட்டு, "உங்கள் ஊரில் நித்தம் மழை, தீக்கு அங்கே என்ன வேலை" என்று கேட்டிருந்தாய். பாதி சரி. இங்கேயும் காடு எரிந்தது, ஆனால் அடுப்பில் எரிந்தது.

உங்கள் பாட்டி வெற்றிலையோடு மெல்லுவார்களே கத்தக்காம்பு, இங்கே அதைக் காம்பியர் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவில் சீன விவசாயிகள், பெரும்பாலும் தியோசூக்காரர்கள், அதையும் மிளகையும் சேர்த்துப் பயிரிட்டார்கள். ஐரோப்பாவில் தோல் பதனிடவும் சாயத்துக்கும் கிராக்கி. பறித்த இலையைப் பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைத்து, சாறு கெட்டியானதும் துண்டு போடவேண்டும். அடுப்பு அணையவே கூடாது. பக்கத்தில் விறகுக்குக் காடு இல்லையென்றால் தொழிலே இல்லை. கொதித்த சக்கை மிளகுக் கொடிக்கு எரு. பதினைந்து, இருபது வருஷத்தில் மண் சத்தற்றுப் போகும், விறகும் தீரும். உடனே அடுத்த காடு. இங்கே காடு குறையக் குறையப் பல பேர் நீரிணையைத் தாண்டி ஜொகூருக்குப் போய்விட்டார்கள். சுவா சூ காங், லிம் சூ காங் என்று இங்கே பேருந்தில் படிக்கும் ஊர்ப்பெயர்கள் எல்லாம் அந்தத் தோட்டக்காலத்தில் வந்தவைதான்.

விட்டுப்போன நிலத்தில் முதலில் குடியேறியது என் பையன் கையை அறுத்த அதே லாலாங். தீயோடு நல்ல சிநேகம் அதற்கு. நாலு நாள் வெயிலடித்தால் காய்ந்து, ஒரு பொறி விழுந்தால் சரசரவென்று எரியும். மேலே உள்ளதுதான் போகும். மண்ணுக்குள் ஓடும் தண்டிலிருந்து சில நாளில் மறுபடி முளைத்துவிடும். இடையில் தலையெடுத்த மரக்கன்றுதான் கருகும். இப்படித் திரும்பத் திரும்ப எரிந்துகொண்டிருக்கும் வரை அங்கே புல்லைத் தவிர வேறெதுவும் நிலைக்காது.

எரிப்பதை நிறுத்தினால் மரம் வரும், வந்தும் இருக்கிறது. ஆனால் பழைய காடு வரவில்லை. புக்கிட் தீமா குன்றை 1883இல் காப்புக்காடாக அறிவித்ததால் கொஞ்சம் மிஞ்சியது. போன மாதம் அங்கே நடந்தபோது பாதையில் ஒரு செராயா விதை கிடந்தது. நம் குங்கிலிய மரத்தின் குடும்பம். மூன்று இறகு நீளம், இரண்டு குட்டை. எடுத்து மேலே வீசினேன், சுற்றிச் சுற்றி என் காலடியிலேயே விழுந்தது. அங்கிருந்து எதையும் எடுத்துவரக்கூடாது, விட்டுவிட்டு வந்தேன். பெரிய காற்று அடித்தால் ஒழிய அது தாய்மரத்தை விட்டுச் சில பத்து மீட்டர் தாண்டாது. பல வருஷத்துக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும். விழுந்த விதையும் மண்ணில் காத்திருக்காது, சில வாரத்துக்குள் முளைக்கவேண்டும், இல்லையென்றால் செத்துப்போகும். தாய்மரத்தை வெட்டிய இடத்துக்கு அது எப்படித் திரும்பும் சொல்? "விட்டுவிட்டால் காடு தானாக வளரும்" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

புகைமூட்டம் பற்றியும் கேட்டிருந்தாய். 2013 ஜூன் 21 அன்று காற்று மாசுக் குறியீடு 401 வரை போனது. எதிர் புளோக் தெரியவில்லை. அந்தப் புகை சுமத்ராவிலிருந்து வந்தது. அங்கே எரிவதில் மோசமானது மரம் இல்லை, பீட் மண். தண்ணீருக்கடியில் மக்காமல் கிடக்கும் இலையும் வேரும் சேர்ந்து ஆவதுதான் அது, வருஷத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் ஏறும். போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைவிக்கிறோம் என்று 1996இல் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். நெல் விளையவில்லை. மறுவருஷம் எல் நினோ வறட்சி, தீ. எரிந்த இடங்களில் சராசரியாக அரை மீட்டர் ஆழம் போயிற்று என்று பிறகு அளந்தார்கள். கணக்குப் போட்டுப் பார், சில வாரத்தில் 250 முதல் 500 வருஷம்.

உன் மலைக்கு இந்த நியாயம் அப்படியே பொருந்தாது என்று நினைக்கிறேன். அங்கே புல்வெளி நேற்று வந்ததில்லை; பல்லாயிரம் வருஷமாகவே சோலைக்காடும் புல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. உறைபனி சோலைக் கன்றைப் புல்வெளிக்குள் விடுவதில்லை. எனக்குப் பயம் சீகை மரத்தின் மேல்தான், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்தைத்தான் சொல்கிறேன். செராயாவுக்கு நேர் எதிர் அது. விதை மண்ணுக்குள் பல வருஷம் கிடக்கும், தீச்சூடு பட்டால் ஓடு வெடித்து மொத்தமாகக் கிளம்பும். எரிந்த சரிவில் முதல் மழைக்குப் பிறகு என்ன முளைக்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்து எழுது. புல்லா, சீகையா? சீகை என்றால் கன்றாக இருக்கும்போதே பிடுங்க ஆள் சேர்க்கமுடியுமா என்றும் விசாரி.

அப்புறம், டிசம்பரில் வருகிறேன் என்றாயே, டிக்கெட் போட்டுவிட்டாயா? விலை ஏறுவதற்குள் போடு. வரும்போது வர்க்கி மறக்காதே.

அன்புடன்,
செல்வா