ஆழம் பார்த்தவர்

இராயபுரம்,
ஞாயிறு காலை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பேரன் கேரளத்து எழிமலைக் கடற்படைக் கழகத்தில் சேர்ந்துவிட்டான் என்ற உங்கள் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். கண்புரை அறுவைக்குப் பிறகு மருத்துவர் எழுதக் கூடாதென்று சொல்லியிருந்ததால் பதில் தாமதமாகிவிட்டது. கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் யார் என்று அவன் கேட்டதற்குப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, விவரத்துக்கு என்னைக் கைகாட்டியிருக்கிறீர்கள். வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரியைப் பற்றி எழுத எனக்குக் கசக்குமா?

அவர் பிறந்தது நம் செங்கல்பட்டில், 1911 அக்டோபர் 8 அன்று. 1914 செப்டம்பரில் ஜெர்மானியரின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்தியபோது அவருக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. எம்டன் என்ற அந்தப் பெயரை நம் ஊரார் இன்றும் கெட்டிக்காரனுக்குச் சூட்டுகிறார்கள். பகைவரின் கப்பலை இப்படி வீட்டுச் சொல்லாக்கிக்கொண்ட ஊர் வேறு எதுவும் இருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

என்னை அவரிடம் ஈர்த்தது அவர் வகித்த பதவியன்று, அதற்கு அவர் வந்து சேர்ந்த வழி. 1927இல் பம்பாய் மசகானில் நங்கூரமிட்டிருந்த டஃப்ரின் பயிற்சிக் கப்பலின் முதல் அணியில் அவர் சேர்ந்தார். அது வணிகக் கப்பல்களுக்கு இந்திய அதிகாரிகளைத் தயாரிக்க ஏற்பட்டதேயன்றிப் போர்க்கப்பலுக்கு அன்று. பயிற்சி முடித்தவர் கல்கத்தாத் துறைமுகத்தில் ஹூக்ளி ஆற்றை அளக்கும் பணிக்குப் போனார். அந்த ஆற்றின் மணல்திட்டுகள் பருவந்தோறும் இடம் மாறுவதால், நேற்று கப்பல் போன வழியில் இன்று போக முடியுமா என்பதை மீண்டும் மீண்டும் ஆழம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நாமும் அளவைப் படகில் ஈயக் குண்டைக் கயிற்றில் இறக்கி கப்பல் வழியின் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, மேலதிகாரியிடம் 'மறுபடியும் போய்ப் பாருங்கள்' என்ற ஒரே வசையை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள்தாமே! துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினாவில் மணல் குவிந்ததும், வடக்கே நம் கரையைக் கடல் அரித்ததும், அதைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கல்சுவர்களாகத் தூண்டில் வளைவுகள் போட்டதும் பார்த்து வளர்ந்த நமக்கு, மணலை அளந்தே பிழைத்த ஒருவர் கடற்படைத் தலைவரானார் என்பதில் ஒரு சொந்தம் தோன்றுகிறது.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அவர் கடற்படையின் ரிசர்வ் பிரிவில் சேர்ந்தார்; விடுதலைக்குப் பிறகு ராஜ்புத் நாசகாரிக் கப்பலுக்குத் தலைமை வகித்தார். 1958 ஏப்ரல் 22 அன்று ஆங்கிலேயரான ஸ்டீபன் கார்லிலிடமிருந்து தலைமைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். தரைப்படைக்கு 1949இலும், விமானப்படைக்கு 1954இலும் இந்தியத் தலைவர்கள் வந்துவிட்டிருக்க, கடற்படை மட்டும் விடுதலைக்குப் பின் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. கடற்படையில் முதல் இந்திய அதிகாரி நியமனம் பெற்றதே 1928இல்தான், அவரும் பொறியாளர். எனவே 1947இல் மேல்நிலை அனுபவம் பெற்ற இந்தியர்கள் மிகச் சிலரே இருந்தனர். தலைமை கைமாறத் தாமதமானதை அவமானமாகப் பேசுகிறவர்கள் உண்டு. கப்பலை ஓட்ட ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும் என்பதை அறிந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவர் பொறுப்பிலிருந்த நான்கு ஆண்டுகளில்தான் நம் முதல் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்ட்டில் கடற்படையில் சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் போர்ச்சுகீசியரிடமிருந்து கோவாவை மீட்ட நடவடிக்கையின்போது நம் போர்க்கப்பல்கள் அவர்களின் அஃபோன்சோ டி அல்புகெர்கி என்ற போர்க்கப்பலைச் செயலிழக்கச் செய்தன. கார்வாருக்கு எதிரேயுள்ள அஞ்சதீவில் இறங்கிய கடற்படையினரில் ஏழு பேர் உயிரிழந்தனர். பேரனுக்குச் சொல்லும்போது வெற்றியோடு நிறுத்திவிடாமல் அந்த ஏழு பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1962 ஜூனில் ஓய்வுபெற்ற கட்டாரி பின்னர் பர்மாவுக்கு நம் தூதராகவும் போனார். 1983 ஜனவரியில் மறைந்தார்.

ஒன்று கேட்க வேண்டும். எழிமலையில் இப்போதும் கயிறு இறக்கி ஆழம் பார்க்கப் பழக்குகிறார்களா, அல்லது எல்லாம் ஒலிக்கருவிதானா? விடுமுறைக்கு வந்தால் பேரனை இங்கே அழைத்து வாருங்கள். பழைய ஈயக் குண்டு ஒன்று நம் வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதைத் தூக்கிப் பார்க்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய படகுக் கூட்டாளி