முன் சீட்டில் உட்கார்ந்தால் தூங்கக் கூடாது

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸப்பில் எதைக் கேட்டாலும் கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுகிறாய், போன் செய்தால் மீட்டிங் என்கிறாய், ஞாயிற்றுக்கிழமை கூட மீட்டிங் வைக்கிற கம்பெனி என்ன கம்பெனியோ. இன்றைக்கு வைத்தீஸ்வரன் கோயிலுக்கு ஒரு பார்ட்டியைக் கூட்டிவந்தேன். நாடி ஜோசியம் பார்க்க உள்ளே போயிருக்கிறார்கள், அங்கேயும் கட்டைவிரல்தான் முதலில் கேட்பார்கள். ஓலை தேடி எடுத்துப் படித்து முடிக்க நேரமாகும் என்பதால் சாவகாசமாக மெயிலில் அடிக்கிறேன். முழுசாகப் படி.

நார்வே போட்டோ எல்லாம் பார்த்தேன். அருவி, மலை, நீ குல்லா போட்டு நிற்பது, எல்லாம் அழகாக இருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்த நீல வெளிச்சச் சுரங்கம். லேர்டால் என்று நீ எழுதியிருந்ததை வைத்துத் தேடிப் பார்த்தேன். 24.5 கிலோமீட்டராம், 2000-இல் திறந்ததாம், கிட்டத்தட்ட நம் வீட்டிலிருந்து சீர்காழி போகிற தூரத்துக்கு மலைக்குள்ளேயே போகிற ரோடு. அவ்வளவு தூரம் ஒரே இருட்டில் ஓட்டினால் டிரைவருக்குத் தூக்கம் வரும் என்று நடுவில் மூன்று இடத்தில் குகை மாதிரி அகலமாக வெட்டி, நீல விளக்குப் போட்டு, ஓரத்தில் விடியற்காலை மாதிரி மஞ்சள் வெளிச்சம் அடித்து வைத்திருக்கிறார்கள். அதை யோசித்தவன் டிரைவர் பிழைப்பு தெரிந்தவன். இங்கே பைபாஸ் போடுகிறவர்கள் அவன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், தூக்கத்தோடு விளையாடக் கூடாது. டீ, முகம் கழுவுவது, கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்குவது எல்லாம் பத்து நிமிஷத்துக்குத்தான். தூக்கம் கண்ணுக்கு வருவதற்கு முன்னால் கழுத்துக்கு வரும், ஓட்டுகிறவர் கழுத்தை அடிக்கடி சொடுக்கினாலோ, கடந்துபோன போர்டில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டாலோ, ஓரம் கட்டச் சொல். இருபது நிமிஷம் கண்ணை மூடினால் போதும். முன் சீட்டில் உட்காருகிறவர் தூங்கவே கூடாது, பேசிக்கொண்டே வர வேண்டும். நீ சின்ன வயதிலேயே கும்பகோணம் தாண்டுவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்குவாய், அதுதான் என் கவலை.

நான் கேட்க வந்தது வேறு. ஊருக்குப் போன புதிதில் நீதான் சொன்னாய், சுவீடனில் குடியிருப்பு பதிந்து ஒரு வருஷம் ஆனால் நம்மூர் லைசென்ஸ் செல்லாது, அங்கே மறுபடி பரீட்சை எழுத வேண்டும், வழுக்குகிற தரையில் வண்டியை ஓட்டிப் பார்க்கிற வகுப்புக்கும் போக வேண்டும், செலவு ரொம்ப ஆகும், அப்புறம் பார்க்கலாம் என்று. ஒரு வருஷம் எப்போதோ ஆகிவிட்டது. லைசென்ஸ் எடுத்திருந்தால் எனக்குத்தான் முதலில் போட்டோ வந்திருக்கும். அப்படியானால் கோதன்பர்கிலிருந்து அவ்வளவு தூரம் யார் ஓட்டினார்கள்?

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. டிரைவர் என்ற முறையில் கேட்கிறேன்.

சுரங்கத்துக்குள் எடுத்த போட்டோ நீ வலது பக்கத்திலிருந்து எடுத்தது. அந்த ஊரில் ஸ்டீரிங் இடது பக்கம். ஓரத்தில் ஸ்டீரிங் மேல் ஒரு கை தெரிகிறது. நல்ல கைதான், இறுக்கிப் பிடிக்காமல் லேசாகப் பிடித்திருக்கிறது, பழகினவர் கை. பெண்பிள்ளையாக இருந்தால் ரொம்பச் சந்தோஷம், ஆனால் மணிக்கட்டில் அவ்வளவு முடி இருக்கிறது. ஒரு கைதான் தெரிகிறது, இன்னொரு கை எங்கே? கியரில் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். அங்கே வாடகை வண்டியெல்லாம் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் என்று தம்பி சொல்கிறான், அதில் கியரில் கை வைக்க வேலையே இல்லையே. எப்படியிருந்தாலும் சுரங்கத்துக்குள் இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருக்க வேண்டும்.

ஸ்டாண்டில் எல்லோருக்கும் அந்தப் போட்டோவைக் காட்டினேன். மயிலாடுதுறை ஸ்டாண்டிலிருந்து ஒரு டிரைவர் மகள் நார்வே மலைக்குள் போகிறாள் என்றால் சும்மாவா. அதில் ஒருத்தன் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு "யாருண்ணே டிரைவர்?" என்றான். வாடகை டிரைவர்தான் என்று சொல்லிவிட்டேன். உங்கம்மா பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள்.

சரி, ரோடு விஷயத்துக்கு வருகிறேன். நீ இருக்கிற சுவீடனைச் சேர்ந்த பாட்டி ஒருவரை முன்பு அம்பாசடரில் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனேன். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்க்க வந்தவர். செம்பனார்கோயில் தாண்டி ஒரு பஸ்காரன் நேரே வந்தபோது சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர்கள் ஊரிலும் இடது பக்கம்தான் ஓட்டினார்களாம். 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை 4.50-க்கு ரோட்டில் இருந்த வண்டியெல்லாம் நின்று, மெல்ல வலது பக்கத்துக்கு மாறி, 5 மணி அடித்ததும் கிளம்பினவாம். அவர் அப்பா அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, வேடிக்கை பார்க்கத் தெருவுக்குக் கூட்டிப்போனாராம். இடது பக்க ரோட்டுக்காகச் செய்த பஸ்களைப் பாகிஸ்தானுக்கும் கென்யாவுக்கும் விற்றார்களாம். விபத்து எக்கச்சக்கமாகும் என்று எல்லோரும் பயந்தார்கள், ஆனால் திங்கட்கிழமை வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் இருந்ததாம், பயத்தில் எல்லோரும் ஒழுங்காக ஓட்டியிருக்கிறார்கள். சமோவா தீவில் 2009-இல் இதையே தலைகீழாகச் செய்தார்கள், வலதிலிருந்து இடதுக்கு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பழைய கார் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு நாடே பக்கம் மாறியிருக்கிறது.

அந்தப் பாட்டி சொன்னதில் எனக்கு மறக்காதது என்னவென்றால், 1955-இல் மக்களிடம் ஓட்டு வைத்துக் கேட்டபோது நூற்றுக்கு 83 பேர் வேண்டவே வேண்டாம் என்றார்களாம். பன்னிரண்டு வருஷத்தில் மாறினார்கள், ஒரு மாசத்தில் பழகியும் விட்டார்கள். போன வாரம் சாப்பிடும்போது உங்கம்மாவிடம் இதைச் சொன்னேன். "இதை ஏன் இப்ப சொல்றீங்க" என்றாள். சும்மாதான் என்றேன்.

இனிமேல் எங்காவது கிளம்பினால் சிலதைக் கவனித்துக்கொள். வாடகைக்கு எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் வீடியோ எடு, திருப்பிக் கொடுக்கும்போது நம் தலையில் கட்டுவார்கள். பாஸ்போர்ட்டை வண்டிக்குள் வைத்துவிட்டு இறங்காதே. நார்வே ஐரோப்பிய யூனியனில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது, பார்டரில் யாரும் நிறுத்தமாட்டார்கள் என்று பாஸ்போர்ட்டையும் குடியிருப்புக் கார்டையும் வீட்டில் விட்டுப் போகக் கூடாது, இரண்டும் கையில் இருக்க வேண்டும். டோல்கேட்டில் ஆள் கிடையாது, கேமரா நம்பரைப் பிடித்துக்கொள்ளும், பில் அப்புறம் வரும், அதைப் பங்கு போட்டுக் கொடுத்துவிடு, யார் கணக்கிலும் சும்மா ஏறாதே. சுவீடனில் எதற்கும் 112, ஆனால் நார்வேயில் ஆம்புலன்ஸுக்கு 113, தீ பிடித்தால் 110. சாயங்காலமும் விடிகாலையும் காட்டு ரோட்டில் மெதுவாகப் போகச் சொல். அந்த மூஸ் மானுக்குக் கால் நீளம், இடித்தால் உடம்பு நேராக முன் கண்ணாடியில் வந்து விழும். சுவீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பனி இருந்தால் பனி டயர் கட்டாயம் என்று போட்டிருக்கிறது, ஏறுவதற்கு முன் குனிந்து டயரைப் பார். அப்புறம், ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் வரை இங்கே விடுகிறார்கள், அங்கே இரண்டு நாட்டிலும் 20 தான். உனக்குத் தெரிந்தவர்கள் குடிக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. சட்டத்தைச் சொல்கிறேன்.

இரவில் எதிர் வண்டிக்கு டிம் அடிக்கிறாரா? அதை மட்டும் கவனித்துப் பார். எனக்குத் தெரிந்து டிம் அடிக்காதவன் எவனும் வீட்டிலும் நல்லவனாக இருந்ததில்லை. உன் மணல்மேடு மாமாவை எடுத்துக்கொள்.

ஊர் விஷயம் ஒன்றுமில்லை. சம்பா நடவு முடிந்தது, மழை பரவாயில்லை, வாய்க்கால் இன்னும் தூர்வாரவில்லை. உங்கம்மா கடைமுழுக்குக்குப் போனாள், மறுநாள் முடவன் முழுக்குக்கும் போனாள், யாருக்காக வேண்டிக்கொண்டாள் என்று சொல்லவில்லை.

பூம்புகாருக்குப் போன ஒரு பிரெஞ்சுக்கார ஜோடி சொன்னது ஞாபகம் வருகிறது. கடல் கொண்ட ஊர் என்று சொன்னதும் அந்தம்மா எங்கள் ஊரில் கடல் கொண்டு கொண்டு திருப்பித் தருகிற ரோடே இருக்கிறது என்றார். நுவார்முத்தியே என்று ஒரு தீவு, அதற்குப் போக நாலு கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒரு ரோடு, தினம் இரண்டு தடவை கடல் ஏறி அதை மூடிவிடுமாம். நேரம் பார்த்துத்தான் போக வேண்டும், மாட்டிக்கொண்டவர்கள் ஏறி உட்கார வழி நெடுக உயரமான கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் இவர்கள் இரண்டு பேரும் நேரம் பார்க்காமல் போய் மாட்டிக்கொண்டார்களாம். அந்தம்மா சொன்னார்: அவர் தண்ணீரில் மூழ்குகிற காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என்னை முதலில் ஏற்றிவிட்டார், மேலே உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தபோது ஒரு வார்த்தை கூட உன்னால்தான் என்று சொல்லவில்லை, அப்போதே முடிவு செய்துவிட்டேன் என்று. அந்த ஆள் பின் சீட்டில் ஒன்றும் புரியாமல் நிலக்கடலை தின்றுகொண்டிருந்தார்.

இன்னொரு வெள்ளைக்காரர் நீடாமங்கலம் கேட்டில் மாட்டி நின்றபோது, ஜிப்ரால்டரில் இதே மாதிரி கேட் போடுவார்கள், ஆனால் ரயிலுக்குப் பதில் விமானம் போகும் என்றார், நான் நம்பவில்லை. தேடிப் பார்த்தால் உண்மை. மெயின் ரோடு ரன்வேயைக் குறுக்கே வெட்டிப் போகிறது. 2023-இல் சுரங்கம் போட்டுக் காரையெல்லாம் அதில் திருப்பிவிட்டார்கள், நடந்து போகிறவர்கள் இன்னும் ரன்வே மேலேதான் போகிறார்கள். நம் கேட்டில் நின்ற நேரத்தில் அவர் தன் இரண்டு கல்யாணக் கதையையும் சொல்லி முடித்துவிட்டார். வண்டி நிற்கும்போதுதான் ஆள் எப்படி என்று தெரியும். பெட்ரோல் தீர்ந்தால், டயர் வெடித்தால், வழி தப்பினால் உன்னோடு வந்தவர்கள் என்ன செய்தார்கள், கத்தினார்களா, உன்மேல் பழி போட்டார்களா? நார்வேயில் அப்படி எதுவும் நடந்திருந்தால் எழுது.

உனக்கு எங்களிடம் சொல்லப் பயம் என்று நான் நினைக்கவில்லை. ஒருவேளை கொரடாச்சேரி அத்தையை நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாயோ என்று சில ராத்திரி தோன்றும். அது தாத்தா காலம். அவர் போகச் சொன்ன இடத்துக்கு அன்றைக்கு நான் வண்டியை ஓட்டினேன். இப்போது அப்படி யார் சொன்னாலும் சாவியை எடுக்கமாட்டேன், அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருந்தாலும் ஊரில் நாலு பேருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் நீ யோசிக்க வேண்டும். லோன் போட்டுப் படிக்கவைத்தது போட்டோவில் கை பார்த்துத் தெரிந்துகொள்வதற்கா? சரி விடு, நீ பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும், குளிரில் தனியாக இருந்து படித்து முடித்தாய், நம் தெருவில் யார் செய்தார்கள்.

பொங்கலுக்கு வருவதாகத் தம்பியிடம் சொன்னாயாம். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நான்தான் வருவேன், டாக்ஸி எதுவும் போடாதே. ராத்திரி விமானம் என்றால் தஞ்சாவூரில் நிறுத்தி ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம், விடியும்போது ஓட்டுவது எனக்குப் பழக்கம்தான், நீ தூங்காமல் இருந்தால் போதும். ஒரு ஆள் என்றால் என் டிசையரே போதும். இரண்டு பேர், பெரிய பெட்டிகள் என்றால் ஸ்டாண்டில் இன்னோவாவுக்குச் சொல்லிவைக்க வேண்டும், பொங்கல் சமயத்தில் கடைசி நேரத்தில் கிடைக்காது. எத்தனை பேர், எத்தனை லக்கேஜ் என்று எழுது.

கூட யாராவது வந்தால் அவர்கள் காரம் சாப்பிடுவார்களா என்று உங்கம்மா கேட்கச் சொன்னாள். நானாக எதுவும் அவளிடம் சொல்லவில்லை.

அப்பா